ஜெர்மன் இலக்கியத்தைக் காலம் காலமாகப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் மொழியில் நடுத்தர நிலையான பி1 தேர்வை முடித்த கையோடு ஜெர்மன் இலக்கியம் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். இலக்கிய வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்து முதல் அத்தியாயத்தில் ஆரம்பிக்கிறார்கள். 830 வாக்கில் ஏட்டில் ஏறிய ஹில்டபிராண்ட் பாடலின் இரண்டு வரிகளைப் பார்த்ததும், தாங்கள் கற்ற ஜெர்மனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தோன்றிவிடுகிறது. மூன்றாவது வாரம் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

இன்னொரு சாரார் காலப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். பரோக், அறிவொளி, புயலும் வேகமும், செவ்வியல், ரொமான்டிக் என்று வரிசை தப்பாமல் ஒப்பிப்பார்கள். பெயர் மறைத்த கவிதை ஒன்றைக் கொடுத்து, இது எங்கே சேரும், ஏன் என்று கேட்டால் பதில் வராது.

எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்துத்தான் வரிசையை மாற்றினோம். முதலில் படைப்பு, அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொரு படைப்பு, கடைசியில்தான் காலத்தின் பெயர். தொடக்கம் இடைக்காலம் அல்ல, 1946. வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கினால் எட்டு மாதத்தில் ஒரு சுற்று முடியும்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் மூன்று படிகளுக்கு பி1 போதும். ஐந்தாவது படிக்கு வரும்போது அதற்கு அடுத்த நிலையான பி2-வை நெருங்கியிருக்க வேண்டும். ஆனால் சான்றிதழைவிட இரண்டு இலக்கணப் பகுதிகள் முக்கியம்.

ஒன்று, ப்ரேட்டரிட்டும் என்ற இறந்தகால வடிவம். வகுப்பில் பேச்சுக்காக பெர்ஃபெக்ட் என்ற இன்னொரு இறந்தகால வடிவத்தையே அதிகம் பழக்குவார்கள். கதைகளோ பெரும்பாலும் ப்ரேட்டரிட்டுமில்தான் ஓடும். 'கிங்', 'ஸா', 'ஷ்டாண்ட்' என்று கண்ணில் பட்டதும் 'போனான்', 'பார்த்தான்', 'நின்றான்' என்று தானாக வர வேண்டும். அடிக்கடி வரும் ஐம்பது வினைச்சொற்களைப் பட்டியல் போட்டுப் பழகுங்கள். இல்லையென்றால் வரிக்கு வரி அகராதிக்கு ஓட வேண்டியிருக்கும், கதை கையை விட்டுப் போய்விடும்.

இரண்டு, கொன்யுங்க்டிவ் வடிவங்கள். நடந்ததையும் நடந்தது போலத் தோன்றியதையும் பிரிப்பது இதுதான். ஏழாவது படியில் ஒரு கவிதை முழுவதும் இதன் மேல்தான் நிற்கும்.

அகராதி இரண்டு வேண்டும். அன்றாடத்துக்கு டிடபிள்யூடிஎஸ் இணைய அகராதி. பழைய நூல்களுக்கு கிரிம் சகோதரர்கள் தொடங்கிய பெரிய அகராதி. அதுவும் இணையத்தில் இலவசம். 1800-க்கு முந்தைய நூலை இன்றைய அகராதியை மட்டும் வைத்துப் படித்தால், புரியவில்லை என்பதைவிட மோசமான நிலை வரும்: தப்பாகப் புரிந்துவிடும், அது தப்பு என்பதும் தெரியாது.

மூல நூல்களுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஜெர்மனியில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் ஆனதும் நூல் பொதுவுடைமை ஆகிவிடும். கதே, ஹைனே, ஃபோன்டான, காஃப்கா, போர்ஷெர்ட் எல்லாம் ப்ரொயெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் கிடைப்பார்கள். அங்கே எழுத்துக்கூட்டல் பல இடங்களில் இன்றைய முறைக்கு மாற்றப்பட்டிருக்கும். படிப்பதற்கு அது வசதி. பழைய அச்சில் எப்படி இருந்தது என்று பார்க்க டாய்ச்சஸ் டெக்ஸ்ட்ஆர்ஷிவ் என்ற இணையத் தளத்துக்குப் போங்கள்.

காகிதத்தில் வேண்டுமென்றால் ரெக்லாம் பதிப்பகத்தின் சின்ன மஞ்சள் புத்தகங்கள். ஆரஞ்சு அட்டை போட்டவை இருமொழிப் பதிப்புகள். இடைக்கால ஜெர்மனுக்கு அவைதான் வேண்டும். பச்சை அட்டை விளக்கவுரை, நீல அட்டை தேர்வுத் துணை. நீல அட்டையை இப்போது வாங்காதீர்கள். அதில் முடிவுகள் முன்கூட்டியே எழுதியிருக்கும், பிறகு உங்கள் கண் அவற்றைத் தாண்டி எதையும் பார்க்காது.

2. நிகழ்வுகளைப் பேனாவில், பெயர்களைப் பென்சிலில்

ஒரு நீளத் தாளை எடுத்துக் குறுக்கே கோடு போடுங்கள். பேனாவில் இந்த ஆண்டுகளை மட்டும் குறியுங்கள்: 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர், 1789 பிரெஞ்சுப் புரட்சி, 1815 வியன்னா மாநாடு, 1819 தணிக்கையை இறுக்கிய கார்ல்ஸ்பாட் தீர்மானங்கள், 1848 மார்ச் புரட்சி, 1871 ஜெர்மன் பேரரசு, 1914–1918 முதல் உலகப் போர், 1933 நாஜி ஆட்சி, 1945 அதன் முடிவு, 1949-ல் இரண்டு ஜெர்மனிகள், 1961-ல் பெர்லின் சுவர், 1989-ல் அதன் வீழ்ச்சி.

காலப் பெயர்களை இப்போது எழுத வேண்டாம். நடந்தவை நடந்தவைதான், அவை மாறாது. பெயர்கள் பெரும்பாலும் பிறர் ஒட்டியவை, அதுவும் ஒரே மாதிரி ஒட்டப்பட்டவை அல்ல. அறிவொளி என்ற பெயரை அந்தக் காலத்தவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். காண்ட் 1784-ல் அதற்கு விளக்கமே எழுதினார். புயலும் வேகமும் என்பது கிளிங்கர் 1776-ல் எழுதிய நாடகத்தின் தலைப்பு. பரோக் கலை வரலாற்றிலிருந்து வந்தது, எக்ஸ்பிரஷனிசம் ஓவியத்திலிருந்து வந்தது. பீடர்மையர் என்பது 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஒரு நகைச்சுவை இதழுக்காகக் கற்பனை செய்த பள்ளி ஆசிரியரின் பெயர். ஃபோர்மேர்ஸ் என்றால் மார்ச்சுக்கு முன். அந்தக் காலத்தில் வாழ்ந்த எவருக்கும் 1848 மார்ச் வரப்போவது தெரியாது.

ஆகவே 'இவர் ஃபோர்மேர்ஸ் எழுத்தாளர், அதனால் இப்படி எழுதினார்' என்ற வாக்கியம் தலைகீழ். இப்படி எழுதியதால்தான் பின்னால் வந்தவர்கள் அவரை அங்கே வைத்தார்கள். தொடக்கத்திலேயே இது மனதில் பதிய வேண்டும்.

ஜெர்மன் இலக்கியம் என்பது ஜெர்மனி நாட்டின் இலக்கியம் மட்டும் அல்ல என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். காஃப்காவும் ரில்கேயும் பிராகில் பிறந்தவர்கள். கெல்லரும் டியூரன்மாட்டும் சுவிஸ்காரர்கள். ஷ்னிட்ஸ்லர் வியன்னா. செலான் பிறந்த செர்னோவிட்ஸ் இன்று உக்ரைனில் இருக்கிறது. மொழிதான் இங்கே எல்லை.

3. 1946-ல் தொடங்குங்கள்

முதல் நூல் வொல்ஃப்காங் போர்ஷெர்ட்டின் 'டாஸ் ப்ரோட்' (ரொட்டி). இரண்டு பக்கம்தான். போரிலிருந்து நோயோடு திரும்பி 26 வயதில் இறந்துபோனவரின் கதை.

நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிக்கு மனைவி விழிக்கிறாள். பக்கத்தில் படுக்கை காலி. சமையலறைக்குப் போகிறாள். கணவன் நிற்கிறான். மேசையில் ரொட்டித் தட்டு, கத்தி, விரிப்பின் மேல் ரொட்டித் துணுக்குகள். ஏதோ சத்தம் கேட்டது போல இருந்தது என்கிறான். முப்பத்தொன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு அவன் பொய் சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை, ஆனாலும் அதை அவள் சொல்வதில்லை. மறுநாள் மாலை வழக்கமாகத் தரும் மூன்று துண்டுகளுக்குப் பதில் நான்கு துண்டுகளை அவன் பக்கம் தள்ளுகிறாள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் வாக்கியங்கள். அத்தனையும் குட்டை. சொற்கள் திரும்பத் திரும்ப வரும். கிளை வாக்கியங்கள் குறைவு. பி1 படித்தவர் ஒரு மாலையில் மூலத்திலேயே முடித்துவிடலாம். இன்னொரு மொழியின் இலக்கியத்தை அந்த மொழியிலேயே படித்தேன் என்ற உணர்வு முதல் வாரத்திலேயே கிடைப்பது பெரிய விஷயம், அதுதான் அடுத்த ஏழு மாதத்துக்கு இழுத்துச் செல்லும்.

படித்து முடித்ததும் ஒரு கேள்வி: ஏன் இவ்வளவு குட்டை வாக்கியம்? எங்கள் குழுவில் முதலில் வரும் பதில், 'எளிமையாக எழுதுபவர்' என்பது. அதோடு விடாதீர்கள். நாஜி ஆட்சியில் பன்னிரண்டு வருஷம் மேடைகளிலும் வானொலியிலும் ஊதிப் பெருத்த ஜெர்மனைக் கேட்டுச் சலித்த தலைமுறை இது. பெரிய சொற்களை அவர்களால் நம்ப முடியவில்லை. தட்டு, கத்தி, துணுக்கு என்று கையால் தொடக்கூடிய பெயர்ச்சொற்களை மட்டும் நம்பினார்கள். இந்த இடத்துக்கு நீங்களே வந்து சேர்ந்த பிறகு, பென்சிலில் 1945-க்கு மேல் எழுதுங்கள்: ட்ரூமர்லிட்டரட்டூர், இடிபாட்டு இலக்கியம்.

அடுத்த இரண்டு வாரத்தில் காஃப்காவின் 'ஃபோர் டேம் கெஸெட்ஸ்' (சட்டத்தின் முன்), 1915. அலுவலகக் கடிதம் போலத் தெளிவான ஜெர்மன், ஆனால் வாக்கியங்கள் நீளம். வினைச்சொல் கடைசியில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க இது நல்ல பயிற்சி. தமிழிலும் வினை கடைசியில்தான் வருகிறது. கிளை வாக்கியத்தை ஆங்கில வழியாக யோசிக்காமல் நேராகத் தமிழ் வழியாகப் பிடியுங்கள், பாதிக் கஷ்டம் போய்விடும்.

4. ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் அட்டை

கை அகல அட்டையின் முன்பக்கத்தில் நான்கு விஷயங்கள் மட்டும் எழுதுங்கள். எங்கே, எந்த ஆண்டு, யார் அச்சிட்டார்கள், தடை இருந்ததா. யார் யாரிடம் பேசுகிறார்கள். என்ன வடிவம். மொழியில் கண்ணை உறுத்திய ஒரே ஒரு விஷயம்.

பின்பக்கம் முதலில் காலியாகவே இருக்கட்டும். அடுத்த படைப்பையும் படித்த பிறகு திரும்பி வந்து, காலத்தின் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். அதன் கீழே 'பொருந்தாதது' என்று ஒரு வரி கட்டாயம். எந்த நல்ல படைப்பும் தன் காலப் பெயருக்குள் முழுவதும் அடங்காது. அடங்காத பகுதியை எழுதப் பழகாதவர்கள், மேற்படிப்புக்குப் போகும்போது ஒப்பிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் நிற்கிறார்கள்.

வடிவத்தைக் குறிக்கும்போது சொற்களில் கவனம். ஜெர்மனில் 'ரொமான்' என்றால் நாவல். காதல் கதை அல்ல. 'நொவெல்ல' என்றால் நாவல் அல்ல. ஒரே ஒரு அசாதாரண நிகழ்வைச் சுற்றிக் கட்டிய, சிறுகதையைவிடப் பெரிய தனி வடிவம். ஷ்டோர்மின் 'டேர் ஷிம்மல்ரைட்டர்' (1888) நொவெல்ல. ஃபோன்டானவின் 'எஃபி பிரீஸ்ட்' (1895) ரொமான். 'டிஷ்டர்' என்பது கவிஞரை மட்டும் குறிக்காது, உயர்ந்த இலக்கியம் படைக்கும் எவரையும் குறிக்கும். இந்த மூன்று சொற்களிலும் ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

5. ஜோடியாகப் படியுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். இரண்டு மாதம் இங்கேயே தங்கினாலும் தப்பில்லை. ஒரு படைப்பைத் தனியாகப் படித்தால் அதன் காலம் கண்ணுக்குத் தெரியாது, மீனுக்குத் தண்ணீர் தெரியாதது போல. அதே பொருளைத் தொட்ட இன்னொரு காலத்துப் படைப்பைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு காலமும் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

முதல் ஜோடி, நெசவாளர்கள். 1844 ஜூனில் ஷ்லேஸியப் பகுதியில் கூலி அறுந்துபோன நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், ராணுவம் சுட்டது. அடுத்த மாதமே பாரிஸில் ஓர் இதழில் ஹைனேயின் கவிதை வந்துவிட்டது. நெசவாளர்கள் தறியில் உட்கார்ந்து ஜெர்மனியின் பிணத்துணியை நெய்கிறார்கள். அதில் மூன்று சாபங்களைச் சேர்த்து நெய்கிறார்கள். கடவுளுக்கு ஒன்று, அரசனுக்கு ஒன்று, பொய்யான தாய்நாட்டுக்கு ஒன்று. 'வீர் வேபன், வீர் வேபன்' (நெய்கிறோம், நெய்கிறோம்) என்று தறியின் ஓட்டமே பல்லவியாக வருகிறது. சத்தமாகப் படியுங்கள், கை தானாகத் தட்டும். கூட்டத்தில் சொல்வதற்கு ஏற்ற கவிதை அது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து ஹௌப்ட்மன் அதே கிளர்ச்சியை ஐந்து அங்க நாடகமாக்கினார். 1892-ல் பெர்லின் காவல்துறை பொது மேடையில் போடத் தடை விதித்தது, 1893-ல் தனி அமைப்பு ஒன்றின் உறுப்பினர்களுக்காக முதலில் மேடையேறியது. இங்கே ஹைனேயின் மூன்று சாபங்களும் இல்லை, அந்தப் பல்லவியும் இல்லை. முதல் அங்கத்தில் நெசவாளர்கள் நெய்த துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூலிக்காக நிற்கிறார்கள். அறை, முகம், இருமல், உடுப்பு என்று மேடைக் குறிப்பு பத்தி பத்தியாகப் போகிறது. பேச்சு ஷ்லேஸிய வட்டார வழக்கு. கதாநாயகன் என்று ஒருவர் இல்லை.

இரண்டையும் அட்டையில் எழுதிய பிறகு பாருங்கள். ஒரே நிகழ்வு. ஒன்று தீ மூட்டுகிறது, இன்னொன்று ஒன்றையும் விடாமல் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. முதலாவது ஃபோர்மேர்ஸ், இரண்டாவது இயற்கைவாதம். இனி இந்த இரண்டு சொற்களும் உங்களுக்கு மறக்காது.

வட்டார வழக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். ஹௌப்ட்மன் பொது ஜெர்மனுக்கு நெருக்கமான வடிவத்தையும் தந்திருக்கிறார். பரவலாகக் கிடைப்பது அதுதான். முதல் அங்கம் மட்டும் படித்தாலும் ஜோடி முழுமைதான்.

இரண்டாவது ஜோடி, ஒரே கவிஞர். கதே 1774-க்குள் எழுதிய 'ப்ரொமெதெயுஸ்', அப்புறம் 1780 வாக்கில் எழுதிய 'க்ரென்ட்ஸன் டேர் மென்ஷ்ஹைட்' (மனித எல்லைகள்). முதல் கவிதை ஏவல் வினையில் தொடங்குகிறது: 'பெடெக்க டைனன் ஹிம்மல், ட்ஸொய்ஸ்'. உன் வானத்தை நீயே மூடிக்கொள், ஸியஸ். கிரேக்கத் தொன்மத்தின் தலைமைக் கடவுளிடம் ப்ரொமெதெயுஸ் இந்தக் குரலில் பேசுகிறான். கவிதையில் 'நான்', 'என்' என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடச் சொல்வேன்: என் பூமி, என் குடிசை, என் அடுப்பு. கடைசிச் சொல்லும் 'இஷ்' (நான்).

இரண்டாவது கவிதையில் அதே வானம், அதே இடி. ஆனால் பேசுபவன் குழந்தைக்குரிய சிலிர்ப்போடு தந்தையின் ஆடை விளிம்பை முத்தமிடுகிறான். தெய்வங்களோடு எந்த மனிதனும் தன்னை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்கிறான். 'நான்' ஆரம்பத்தில் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகிறது. முடியும்போது 'நாம்' பேசுகிறது. இரண்டும் எதுகையில்லாத கட்டற்ற வரிகள், ஆகவே வடிவத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிப்பது தொனி. இடையில் கதே வைமர் அரசவையில் பொறுப்பான பதவிக்கு வந்திருந்தார். முதலாவது புயலும் வேகமும். இரண்டாவது செவ்வியலை நோக்கிப் போகும் பாதையில் இருக்கிறது.

இந்த ஜோடி உடைக்கும் பிழை ஒன்று உண்டு. 'கதே எந்தக் காலத்து எழுத்தாளர்?' என்பதே தவறான கேள்வி. 1749-ல் பிறந்து 1832 வரை வாழ்ந்தவர் அவர். காலப் பெயர் ஆளுக்கு ஒட்டுவது அல்ல, படைப்புக்கு ஒட்டுவது.

மூன்றாவது ஜோடி, போர். கிரிஃபியுஸ் 1636-ல் எழுதிய 'ட்ரேனன் டெஸ் ஃபாட்டர்லாண்டஸ்' (தாய்நாட்டின் கண்ணீர்), டிராக்ல் 1914-ல் எழுதிய 'க்ரோடெக்' (ஒரு போர்முனையின் பெயர்). முதலாவதில் ஊர் எரிகிறது, ஆறுகள் பிணங்களால் அடைபடுகின்றன, ஆனால் அத்தனையும் பதினான்கு வரி ஸானெட்டுக்குள் ஒழுங்காக எண்ணி அடுக்கப்பட்டிருக்கின்றன. கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பாக அவர் சொல்வது ஆன்மாவின் செல்வம் பறிபோனதை. டிராக்ல் ராணுவ மருந்தாளராக அந்தப் போர்முனையில் இருந்தவர், சில வாரங்களில் இறந்துபோனார். அவர் கவிதையில் ஒழுங்குக்குப் பதில் நிறங்கள் இருக்கின்றன. எல்லாச் சாலைகளும் கறுத்த அழுகலில் போய் முடிகின்றன. காப்பாற்ற வேண்டிய ஆன்மா பற்றிய உறுதி எங்கேயும் இல்லை. 17-ம் நூற்றாண்டின் நம்பிக்கை எவ்வளவு கெட்டியானது என்பது எக்ஸ்பிரஷனிசத்தின் பக்கத்தில் வைக்கும்போதுதான் புரியும்.

6. 17-ம் நூற்றாண்டு: காதால் படிக்க வேண்டிய இடம்

நமக்கு யாப்பு புதிதல்ல என்பதாலேயே இங்கே ஒரு தடுமாற்றம் வரும். தமிழில் அசை நேரா நிரையா என்பதைக் குறில் நெடில் தீர்மானிக்கிறது. ஜெர்மன் யாப்பில் நீளம் கணக்கில்லை. எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பது மட்டுமே கணக்கு. ஓப்பிட்ஸ் 1624-ல் எழுதிய யாப்பு நூல் ஜெர்மன் கவிதைக்கு இந்த விதியைத்தான் நிலைநிறுத்தியது. ஆகவே மேசையில் தட்டிக்கொண்டே படியுங்கள்.

கிரிஃபியுஸின் இன்னொரு ஸானெட்டில் இரண்டாவது வரி: 'வாஸ் டீஸர் ஹொய்ட்ட பௌட், ரைஸ்ட் யேனர் மோர்கன் ஐன்'. இன்று இவன் கட்டுகிறான், நாளை அவன் இடிக்கிறான். ஆறு தட்டு. மூன்றாவது தட்டுக்குப் பிறகு ஒரு நிறுத்தம். இன்று, நாளை, இவன், அவன், கட்டுவது, இடிப்பது. நிறுத்தத்துக்கு இரண்டு பக்கமும் தராசுத் தட்டு போல. அலெக்ஸாண்டிரினர் என்ற இந்த அளவில் எழுதினால் எதிர்நிலை தானாக வந்து உட்காரும். பரோக் காலத்தின் 'எல்லாம் நிலையற்றது' என்ற எண்ணமும் இந்த வடிவமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தது போல இருப்பதை இங்கே காதே சொல்லிவிடும்.

சொற்பொறியும் இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஸானெட்டின் தலைப்பில் வரும் 'ஐட்டல்' என்ற சொல்லுக்கு இன்றைய அகராதி 'தற்பெருமை, அலங்கார மோகம்' என்று சொல்லும். அன்று அது வெறுமை, நிலையாமை. இதே போல 'பில்லிஷ்' அன்று நியாயமானது, இன்று மலிவானது. 'மெர்க்வூர்டிஷ்' அன்று கவனிக்கத்தக்கது, இன்று விசித்திரமானது. 'விட்ஸ்' அன்று அறிவுக்கூர்மை, இன்று ஜோக். புதிதாக வருபவர்கள் தெரியாத சொல்லுக்குத்தான் அகராதி பார்க்கிறார்கள். பழைய நூல்களில் தெரிந்த சொல்லுக்கும் பார்க்க வேண்டும்.

7. 1770 முதல் 1830 வரை: பெட்டிகள் வேண்டாம், பட்டைகள் போடுங்கள்

லெஸ்ஸிங்கின் 'நாத்தான் டேர் வைஸ' (1779) நாடகத்திலிருந்து மோதிரக் கதையை மட்டும் முதலில் படியுங்கள். மூன்று மகன்கள், மூன்று மோதிரங்கள், எது உண்மையானது என்று நீதிபதி முடிவு சொல்ல மறுக்கிறார். அறிவொளிக் காலத்துக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. கதேயின் 1774 நாவலான 'வெர்ட்டர்' அதற்கு ஐந்து ஆண்டு முன்னாலேயே வந்துவிட்டதைக் காலக்கோட்டில் பாருங்கள். புயலும் வேகமும் அறிவொளி முடிந்த பிறகு வந்த அடுத்த பெட்டி அல்ல, அதன் கூடவே ஓடியது.

செவ்வியலும் ரொமான்டிக்கும் அப்படித்தான். 1798 வாக்கில் வைமரில் கதே இருக்கிறார், இருபது கிலோமீட்டர் தள்ளி யேனாவில் ஷ்லேகல் சகோதரர்களும் அவர்கள் நண்பர்களும். வீடு தேடிப் போய்ப் பேசிக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள். ஆகவே தாளில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும் பட்டைகளாக வரையுங்கள்.

இங்கே ஆங்கிலப் புத்தகங்களால் ஒரு குழப்பம் வரும். அவற்றில் கதேயும் ஷில்லரும் ரொமான்டிக் எழுத்தாளர்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவை மொத்தமாகப் பார்த்து வைத்த பெயர் அது. ஜெர்மன் பல்கலைக்கழகத் தேர்வில் அப்படி எழுதினால் பிழை.

ரொமான்டிக்குக்கு ஐஷன்டோர்ஃபின் 'மோண்ட்நாஹ்ட்' (நிலவிரவு) போதும். மூன்று பத்தி, பன்னிரண்டு வரி. முதல் வரி 'எஸ் வார், ஆல்ஸ் ஹெட் டேர் ஹிம்மல்'. வானம் பூமியை மெல்ல முத்தமிட்டது போல இருந்தது. அவசரமாகப் படிப்பவர்கள் 'வானம் முத்தமிட்டது' என்று எடுத்துக்கொள்கிறார்கள், 'ஹெட்' என்ற வடிவம் கண்ணில் படுவதே இல்லை. நடுப்பத்தியில் காற்று, கதிர்கள், காடு எல்லாம் நேர் இறந்தகாலத்தில் வருகின்றன. கடைசி வரியில் மறுபடியும் 'ஆல்ஸ் ஃப்லோக': ஆன்மா வீட்டுக்குப் பறப்பது போல. முதலும் முடிவும் 'போல', நடுவில் மட்டும் உலகம். வீடு எங்கே, போய்ச் சேர்ந்ததா என்று கவிதை சொல்வதில்லை. அந்த ஏக்கம்தான் ரொமான்டிக், அது ஒரு வினை வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் படியில் கொன்யுங்க்டிவ் பழகச் சொன்னது இதற்காகத்தான்.

ஹோல்டர்லின், கிளைஸ்ட், ஷான் பவுல் மூவரையும் எந்தப் பட்டையிலும் திணிக்காதீர்கள். ஜெர்மன் பாடநூல்களே அவர்களைச் செவ்வியலுக்கும் ரொமான்டிக்குக்கும் இடையில் தனியாக வைக்கின்றன. 1837-ல் 23 வயதில் இறந்த பூஷ்னரின் 'வொய்ட்ஸெக்' இன்னும் விசித்திரம். எழுதி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு அச்சாகி, 1913-ல்தான் மேடையேறியது. எழுதிய காலம் ஒன்று, வாசகரைச் சேர்ந்த காலம் வேறு. அட்டையில் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள்.

8. 1933-க்குப் பிறகு: இடத்தை முதலில் எழுதுங்கள்

இந்தப் பகுதிக்கு அட்டையின் முதல் வரி ஆண்டு அல்ல, ஊர். 1933 மே 10 அன்று பல்கலைக்கழக நகரங்களில் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு ஜெர்மன் இலக்கியம் ஒரே நேரத்தில் பல இடங்களில் நடக்கிறது. பிரெக்ட் டென்மார்க்கில். தாமஸ் மன் சுவிட்சர்லாந்தில், பின்பு அமெரிக்காவில். அன்னா ஸேகர்ஸின் 'டாஸ் ஸீப்ட க்ரொய்ட்ஸ்' (ஏழாவது சிலுவை) 1942-ல் ஜெர்மன் மொழியில் அச்சானது மெக்ஸிகோவில். உள்ளே தங்கி வாயை மூடிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், ஆட்சிக்காக எழுதியவர்கள் இன்னொரு பக்கம். ஊர் எழுதாமல் ஆண்டை மட்டும் எழுதினால் இவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அது வெறும் வகைப்படுத்தல் பிழை இல்லை, அநியாயம்.

1949-க்குப் பிறகும் இதே விதி. கிழக்கா மேற்கா, ஆஸ்திரியாவா சுவிஸா என்று எழுதுங்கள். கிறிஸ்டா வொல்ஃபின் 'டேர் கெட்டைல்ட்ட ஹிம்மல்' (பிளவுண்ட வானம்), 1963, கிழக்கில் வந்தது. சுவர் எழும்பி இரண்டே ஆண்டு. க்ராஸின் 'டீ பிளெஷ்ட்ரொம்மல்' (தகர முரசு), 1959, மேற்கில் வந்தது. 1989-க்குப் பிந்தைய எழுத்துக்கு நிலையான பெயர் இன்னும் இல்லை, அதைத் தேடி நேரம் செலவிட வேண்டாம். ஓஸ்டமார், தவாடா போல வேறு மொழியில் பிறந்து ஜெர்மனில் எழுதுபவர்களையும் இந்த வரிசையில் வையுங்கள். இரவல் மொழியில் வாசிக்கும் நமக்கு அவர்கள் வாக்கியங்களில் தனி நெருக்கம் கிடைக்கும்.

9. இப்போது இடைக்காலம்

ஏழாவது மாதத்தில்தான் இங்கே வர வேண்டும். பழைய சொல்லைச் சந்தேகிக்கவும் யாப்பைக் காதால் கேட்கவும் பழகியாகிவிட்டது, ஆகவே இப்போது பயம் இருக்காது. ஹில்டபிராண்ட் பாடல் பழைய உயர் ஜெர்மன். அது இப்போதைக்கு வேண்டாம். 1200 வாக்கில் வந்த நடு உயர் ஜெர்மன் நூல்களை இருமொழிப் பதிப்பில் எடுங்கள்.

முதலில் வால்ட்டர் ஃபொன் டேர் ஃபோகல்வைடவின் 'உண்டர் டேர் லிண்டன்' (லிண்டன் மரத்தடியில்). பெண் குரலில் வரும் காதல் பாட்டு. 'டண்டரடை' என்று நைட்டிங்கேல் பறவையின் குரல் போல ஓர் ஒலி பத்திக்குப் பத்தி வரும். அப்புறம் நிபெலுங்கன் காவியத்தின் முதல் பாடல் மட்டும். அதில் வரும் 'அரெபைட்' இன்றைய 'ஆர்பைட்' தான், ஆனால் வேலை அல்ல, துன்பம், பாடு. 'ஹோகெட்ஸீட்' இன்று திருமணம். அன்று எந்தப் பெருவிழாவும். வலது பக்கம் இருக்கும் மொழிபெயர்ப்பை முதலில் படித்துவிட்டு இடது பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். மாற்றிச் செய்தால் சோர்ந்துவிடுவீர்கள்.

10. பெயர் மறைத்துச் சோதியுங்கள்

எட்டாவது மாதம் நண்பர் ஒருவரிடம், நீங்கள் படிக்காத ஐந்து கவிதைகளை ஆசிரியர் பெயரும் ஆண்டும் நீக்கித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். தாளில் மூன்று பத்தி, இந்த வரிசையில்: முதலில் வடிவமும் ஓசையும், அடுத்து யார் யாரிடம் எந்தத் தொனியில் பேசுகிறார்கள், மூன்றாவதாகத்தான் காலம். அதற்குக் குறைந்தது இரண்டு ஆதாரங்களைக் கவிதையின் வரியிலிருந்தே காட்ட வேண்டும், பொருந்தாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

நிலா வந்தால் ரொமான்டிக், பிணம் வந்தால் பரோக் என்று பொருளை வைத்து முடிவு கட்டுவதுதான் இங்கே எல்லாரும் செய்யும் பிழை. நிலா எல்லாக் காலத்திலும் வருகிறது. ஹைனேயிடம் வரும் நிலா வேறு, எக்ஸ்பிரஷனிஸ்டுகளிடம் வரும் நிலா வேறு. வினை வடிவம், வரி நீளம், 'நான்' எத்தனை தடவை வருகிறது என்பவற்றிலிருந்து தொடங்குங்கள். காலத்தைத் தவறாகச் சொல்லியும் ஆதாரம் சரியாக இருந்தால் எங்கள் குழுவில் அதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவோம். தவறிய கவிதையின் உண்மையான ஆண்டைப் பார்த்ததும், அதே காலத்திலிருந்து இன்னொரு படைப்பை எடுத்து, ஐந்தாவது படியில் செய்தது போல அதற்கு ஒரு ஜோடி கட்டுங்கள்.